வலம் உள்ளே, இடம் மேலே

"அக்கா, இவங்க இறந்துபோனவங்களா?"

படத்தை அனுப்பிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கேட்டவள், ஒசாகாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தோழி. ஜப்பானியச் சிறுகதைகளின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு நான் அட்டைப்படம் வரைந்துகொண்டிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் அந்த நாட்டில் வாழ்ந்த கண் ஒன்று பார்த்துவிடட்டும் என்றுதான் அவளுக்கு அனுப்பினேன். இல்லையே, உயிரோடுதான் இருக்கிறாள், கதை முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கிறாள் என்றேன்.

"அப்ப கழுத்துகிட்ட பாருங்க. வலதுபக்கத் துணி மேல வந்திருக்கு. பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவாங்க."

கிமோனோவின் முன்பக்கம் இரண்டு துண்டுகளால் ஆனது. அணிகிறவரின் வலப்பக்கத் துண்டு முதலில் உடம்போடு சேர்ந்து உள்ளே போகும். இடப்பக்கத் துண்டு அதன்மேல் வந்து படியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே முறைதான். எல்லோரும் இப்படியே உடுத்த வேண்டும் என்று 719ஆம் ஆண்டிலேயே அரச ஆணை பிறந்திருக்கிறது. இறந்தவரைக் கடைசியாக உடுத்தி அனுப்பும்போது மட்டும் வரிசை மாறுகிறது. உயிருள்ளவர் உடுத்தும் முறையை ஜப்பானியர் 'வலது முன்' என்று சொல்கிறார்கள். முன்னால் தெரிவது என்று நாம் பொருள் கொண்டால் கெட்டது காரியம். முந்திக்கொண்டு உடம்பைச் சேர்வது என்பதுதான் அங்கே பொருள்.

எப்படி நேர்ந்தது என்று பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். முதல் வரைவில் சரியாகத்தான் இருந்தது. புத்தகத்தின் தலைப்பை எழுத இடப்பக்கத்தில் இடம் போதவில்லை. படம் முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒரு பொத்தானை அழுத்தித் திருப்பியிருக்கிறேன். இடம் கிடைத்துவிட்டது. உள்ளே இருந்தவள் செத்துவிட்டாள். முதலில் சரியாக வந்ததும் என் அறிவால் வந்ததில்லை, பார்த்து வரைந்த புகைப்படம் சரியாக இருந்ததால் வந்தது. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

கழுத்துப் பட்டையை மட்டும் மாற்றிப் போட ஐந்து நிமிஷம் போதும். கையை வைத்தேன், மாற்ற மனம் வரவில்லை. ஒரு துணி எந்தப் பக்கம் மடிகிறது என்பதில் ஒரு மனுஷியின் உயிரே இருக்கிறது என்றால், அவள் கொண்டையில், இடுப்பில், உட்கார்ந்திருக்கும் விதத்தில் எனக்குத் தெரியாமல் இன்னும் என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனோ? பதிப்பாளரிடம் மூன்று வாரம் தவணை கேட்டேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை கற்பனையிலிருந்து தொடங்கவில்லை. படி எடுப்பதிலிருந்து தொடங்கினேன்.

படி எடுக்க நான் தேர்ந்துகொண்டது கெய்சாய் எய்சென் வரைந்த ஒரு படம். எய்சென் இன்றைய தோக்கியோவான எடோ நகரத்து ஓவியர், 1790இல் பிறந்து 1848இல் மறைந்தவர், பெண்களை வரைவதில் பெயர் வாங்கியவர். மேகமும் டிராகனும் போட்ட கனத்த மேலங்கியைப் போர்த்திய கணிகை ஒருத்தி, உடம்பை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறாள். நெடுக்காக இரண்டு தாள்களை ஒட்டிய உயரமான மரஅச்சுப் படம். இதை நான் தேர்ந்ததற்குக் காரணம், எனக்கு முன்னால் வான்கோ இதைக் கட்டம் போட்டுப் படியெடுத்திருக்கிறார்.

1886 மே மாதம் 'பாரி இல்லுஸ்த்ரே' என்ற பாரிஸ் இதழ் ஜப்பானுக்கென்று ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. கட்டுரையை எழுதியவர் ஹயாஷி தடமாசா. 1878இன் உலகக் கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராகப் பாரிசுக்கு வந்து, அங்கேயே தங்கிக் கலைப்பொருள் வணிகரானவர். அட்டையில் எய்செனின் கணிகை. ஆனால் அச்சானபோது அவள் இடவலம் மாறிப்போனாள். மூலத்தில் அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாளோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி பாரிஸ் கடைகளில் நின்றாள். வான்கோவின் கைக்குக் கிடைத்தவள் இந்தத் திரும்பிய கணிகைதான். 1887இல் அவர் அட்டையின்மேல் தாளை வைத்து உருவத்தின் கோட்டை எடுத்து, அதில் சதுரக் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி ஒரு மீட்டர் உயரக் கித்தானுக்கு மாற்றினார். கட்டம் போட்ட அந்தத் தாள் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அவர் தீட்டிய கணிகையைவிட அந்தத் தாள்தான் எனக்கு நெருக்கமானது. சினிமா பேனர் எழுதியவர்களும் இதே கட்டத்தைப் போட்டுத்தான் உள்ளங்கை அளவுப் புகைப்படத்தை இரண்டு மாடி உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். சிறுவயதில் அதை வேடிக்கை பார்த்து நின்றிருக்கிறேன். ஒரு பெரிய ஓவியர் தன் காலத்தின் இதழ் அட்டை ஒன்றின் முன் மாணவனைப்போல உட்கார்ந்து கோடு கிழித்திருக்கிறார் என்பது, எனக்கும் அப்படி உட்காரத் தைரியம் கொடுத்தது.

டேப்லெட்டை மூடி வைத்தேன். படத்தை ஏ3 தாளில் எடுத்து, மேலே டிரேசிங் பேப்பரை ஒட்டி, இரண்டு சென்டிமீட்டர் கட்டங்கள் போட்டேன். பக்கத்தில் வெறும் கார்ட்ரிட்ஜ் தாளில் அதே எண்ணிக்கையில் நான்கு சென்டிமீட்டர் கட்டங்கள். நுனி கூரான தூரிகை ஒன்று, கிண்ணத்தில் கருமை. கட்டம் போட்டதும் ஒரு விந்தை நடக்கிறது. பெண் மறைந்துவிடுகிறாள். ஒரு சதுரத்துக்குள் ஒரு கோடு மேல்விளிம்பின் நடுவில் நுழைந்து வலது மூலைக்குச் சற்று முன்பாக வெளியேறுகிறது, அவ்வளவுதான் தெரிகிறது. அது தோளா, மேகமா, டிராகனின் மீசையா என்று கைக்குத் தெரியாது. தெரியாததால் கை பொய் சொல்வதில்லை. தோள் என்று தெரிந்துவிட்டால், இத்தனை வருஷம் வரைந்து பழகிய தோளைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

மூன்றாம் நாள் அந்த முதுகுக்கோட்டுக்கு வந்தேன். பின்கழுத்தில் தொடங்கி, சற்றுக் கூன்போட்டு, தரையில் புரளும் விளிம்புவரை இறங்குகிற கோடு. எய்சென் வரைந்த பெண்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. தலை கொஞ்சம் பெரிது, முதுகு வளைந்திருக்கும், தாடை முன்னால் வந்திருக்கும். அவருக்கு முந்தைய தலைமுறையின் உட்டமாரோ வரைந்த பெண்களின் நீண்ட, நிதானமான அழகு இவர்களிடம் கிடையாது. அலுத்துப்போன, உலகம் பார்த்துவிட்ட உடம்புகள். அந்த முதுகுக்கோட்டைப் பதினேழு தாள்களில் போட்டுப் பார்த்தேன். விரலால் இழுத்தால் நடுங்கியது, மணிக்கட்டால் இழுத்தால் பாதியில் முறிந்தது. முழங்கையையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டுத் தோளிலிருந்து இழுத்தபோதுதான் ஓடியது. அவள் முதுகை வரைய என் முதுகும் வளைய வேண்டியிருந்தது.

முகத்துக்கு வந்தபோது அதில் ஒன்றுமே இல்லை. கண்ணுக்கு இரண்டு கீற்று, மூக்குக்கு ஒரு வளைவு, உதடு. உகியோ-எ என்கிற இந்த மரஅச்சு மரபில் ஒரே ஓவியர் வரைந்த பெண்களின் முகங்கள் பெரும்பாலும் அக்கா தங்கைபோலவே இருக்கும். யார் இவள், என்ன வயது, எந்தத் தெரு, கையில் காசு உண்டா என்பதையெல்லாம் உடையும் கொண்டையும் நிற்கும் விதமும்தான் சொல்லும். கொண்டையில் விசிறிபோல நிற்கும் நீளமான ஊசிகள், இடுப்புப் பட்டையாகிய ஓபியின் முடிச்சு முதுகுக்குப் போகாமல் வயிற்றுப் பக்கம் தொங்குவது, இவை எடோவாசி ஒருவருக்குப் பெயர்ப் பலகை மாதிரி. பார்த்தவுடன் படித்துவிடுவார், இவள் கணிகை என்று. நானோ பாத்திரத்தின் தன்மையைக் கண்ணிலும் உதட்டிலும் வைத்துப் பழகியவள். நம் பத்திரிகை ஓவிய மரபே அப்படித்தான். கதாநாயகியின் கண்ணை முடித்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது என்போம். இங்கே கண் கடைசி. முதலில் துணி பேச வேண்டும்.

துணி பேசவேண்டுமென்றால் துணியைத் தெரிந்திருக்க வேண்டும். கிமோனோவுக்கான துணி ஏறக்குறைய முப்பத்தாறு சென்டிமீட்டர் அகலம், பன்னிரண்டு மீட்டர் நீளம் உள்ள ஒரே சுருள். அதை நேர்கோட்டில் எட்டுத் துண்டாக வெட்டுகிறார்கள். உடலுக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு, முன்விளிம்பைக் கூட்டும் ஒடுக்கமான துண்டுகள் இரண்டு, கழுத்துக்கு இரண்டு. இடுப்புக்கோ மார்புக்கோ ஏற்ற வளைவு வெட்டு எதுவும் கிடையாது. உடம்புதான் துணியின் நேர்கோட்டுக்கு அடங்க வேண்டும். இடுப்பு ஒடுங்கித் தெரிந்தால் உள்ளே துவாலையைச் சுற்றிச் சமப்படுத்திக்கொள்வார்கள்.

இதைப் படித்துவிட்டு என் பழைய வரைவைப் பார்த்தேன். புடவை வரைந்த கை எப்படி வரையுமோ அப்படி வரைந்திருந்தது. இடுப்பில் ஒரு வளைவு, தொடைமேல் கொசுவம்போல விழும் மடிப்புகள், தோளிலிருந்து முந்தானைபோல நழுவும் கைப்பகுதி. புடவையும் வளைவு வெட்டில்லாத நீளத் துணிதான், ஆனால் அது உடம்பின்மேல் ஓடி உடம்பைச் சொல்லிக்கொண்டே போகும். கிமோனோ உடம்பை மூடிவிட்டு ஒரே ஓர் இடத்தில் மட்டும் திறக்கும், பின்கழுத்தில். பின்பக்கக் கழுத்துப்பட்டையைச் சற்றுக் கீழே இறக்கி அந்தச் சிறு இடத்தைக் காட்டுவார்கள். எவ்வளவு இறக்கம் என்பதிலேயே வயதும் தொழிலும் அடக்கமும் தெரிந்துவிடும். நான் கிமோனோ என்று நினைத்து வரைந்தது, பூப்போட்ட அங்கிக்குள் நிற்கும் நம்மூர்ப் பெண்ணை. அவள்மேல் எனக்குக் கோபமில்லை, என் கையில் வளர்ந்தவள்தானே. ஆனால் கதையில் வருகிறவள் அவள் இல்லை.

இன்னொன்றும் புரிந்தது. நான் தூரிகையால் பின்பற்ற முயன்ற அந்தக் கோடு, தூரிகைக் கோடே இல்லை. எய்சென் மெல்லிய தாளில் வரைந்து கொடுத்துவிடுவார். மரம் செதுக்குபவர் அந்தத் தாளை மலைச்செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, தாளின் வழியாகவே கத்தியை ஓட்டுவார். கோடு மட்டும் மேடாக நிற்க மற்றதெல்லாம் செதுக்கப்பட்டுவிடும். ஓவியர் வரைந்த தாள் அதோடு அழிந்துபோகும். நெற்றியோரத்தில் முடி முளைக்கும் இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் பல இழைகள் நிற்கும். அவ்வளவையும் ஓவியர் ஒவ்வொன்றாக வரைந்து தருவதில்லை. பட்டறையில் மூத்த செதுக்குநர் தன் கத்தியால் வகிர்ந்து எடுப்பவை அவை. தலையையும் முகத்தையும் அவர்தான் செய்வார். உடையும் பின்னணியும் இளையவர்களுக்கு. பிறகு கருமையில் ஒரு பிரதி எடுத்து, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று ஓவியர் குறித்துத் தருவார். நிறத்துக்கு ஒரு பலகை. எல்லாப் பலகையின் மூலையிலும் விளிம்பிலும் ஒரே இடத்தில் ஓர் அடையாள வெட்டு. அச்சடிப்பவர் ஈரத்தாளின் மூலையை அந்த வெட்டில் பொருத்தி, மூங்கில் மடலால் போர்த்திய வட்டத் தேய்ப்பானால் முதுகைத் தேய்த்து எடுப்பார். இதற்கெல்லாம் முதல்போட்டு, விற்று, நஷ்டமானால் தாங்குபவர் பதிப்பாளர்.

ஆக, நான் ஸ்டைலஸை வைத்துக்கொண்டு கண்ணாடிப் பரப்பில் ஒவ்வொரு முடியாக இழுத்துக்கொண்டிருந்தபோது, பெயர் தெரியாத ஒரு செதுக்குநரின் கத்தியைத்தான் காப்பியடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டின் கறார்த்தன்மை கத்தியுடையது. அதன் ஓட்டம் தூரிகையுடையது. இரண்டும் ஒரே கோட்டில் இருப்பதால்தான் அது நம் கண்ணை விடாமல் பிடிக்கிறது. மென்பொருளில் 'மரஅச்சுத் தூரிகை' என்று விற்கிறார்கள், வாங்கியும் வைத்திருக்கிறேன். அது ஓரங்களைக் கொஞ்சம் பிசிறடிக்கச் செய்யும், அவ்வளவுதான். டேப்லெட்டை மறுபடி திறந்து, தூரிகையில் வேகமாகப் போட்டுவிட்டு, பிறகு கோட்டின் இரண்டு கரைகளையும் நிதானமாக அழிப்பானால் சீவிச் சீவி எடுத்தபோதுதான் அருகில் வந்தது. இரண்டு ஆள் வேலையை ஒருத்தி இரண்டு மனநிலையில் செய்ய வேண்டியிருந்தது.

குப்புற ஒட்டுகிறார்கள் என்பதை மறுபடி சொல்ல வேண்டும். பலகையில் பெண் இடவலம் மாறித்தான் செதுக்கப்படுகிறாள். அச்சில் ஏறும்போது நேராகிறாள். அந்தப் பட்டறைகளில் எல்லாப் பெண்களும் மரத்தில் இருக்கும்வரை வலத்துணி மேலே வந்தவர்களாக, இறந்தவர்களைப்போல உடுத்தியவர்களாக இருந்திருக்கிறார்கள். தாளில்தான் அவர்களுக்கு உயிர். இதை யோசித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நிறத்துக்கு வருகிறேன். ஜப்பானியப் படம் என்றதும் நம் மனதில் எழுவது ஹொகுசாய் என்ற ஓவியரின் அலைப்படத்தில் இருக்கிற அந்த நீலம். அது பெர்லினில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட நிறம். ஜப்பானுக்குக் கப்பலில் வந்தது. பெர்லின் என்ற பெயரைச் சுருக்கி 'பெரோ' என்றே அங்கே அழைத்தார்கள். முழுக்க அந்த நீலத்தாலேயே படம் அச்சிடும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தவர்களில் நம் எய்சென் முக்கியமானவர். 1829 வாக்கில் அவர் விசிறிக்காகச் செய்த படம்தான் முன்னோடி என்பார்கள். ஐரோப்பாவின் நீலத்தை எடோ வாங்கிக்கொண்டது, அரை நூற்றாண்டு கழித்து எடோவின் படங்களைப் பாரிஸ் வாங்கிக்கொண்டது. இதைப் படித்ததும் ஒரு பாரம் இறங்கியது உண்மை. தூய ஜப்பானியம் என்று ஒன்றைத் தொட்டு அசுத்தப்படுத்திவிடுவேனோ என்ற பயம் தேவையில்லை. வாங்குவதில் குற்றமில்லை, கவனமில்லாமல் வாங்குவதில்தான் குற்றம்.

என் கதைநாயகிக்கு அந்த நீலம் பொருந்தவில்லை. எடோ அரசு நகரத்து வணிகர்களும் தொழிலாளர்களும் ஆடம்பரமாக உடுத்தக் கூடாதென்று மறுபடி மறுபடி சட்டம் போட்டது. பளிச்சென்ற நிறங்களுக்குத் தடை என்றதும் சாயக்காரர்கள் பழுப்பிலும் சாம்பலிலும் இறங்கிவிட்டார்கள். 'நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு எலிச்சாம்பல்' என்று ஒரு சொலவடையே உண்டு. கபுகி நடிகர் ஒருவர் மேடையில் உடுத்திய பழுப்பு அவருடைய புனைபெயராலேயே நகரமெங்கும் விற்றது. தடைக்குள்ளேயே எத்தனை வகை! நான் ஒரு பழுப்பையும் இரண்டு சாம்பலையும் எடுத்துக்கொண்டேன், ஒன்று மழைக்கு முந்திய வானம்போல, மற்றது ஆறிய விபூதிபோல.

இனி அந்தக் கணிகையைப் பற்றி. மூன்று வாரத்தில் பெரும்பகுதி அவளோடு இருந்துவிட்டு அவளை வெறும் கோடாக விட்டுவிட முடியாது.

எடோவின் யோஷிவாரா சுற்றிலும் அகழி வெட்டி, ஒரே பெருவாசல் வைத்த விலைமாதர் பகுதி. வறுமையில் பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்த சிறுமிகள்தான் அங்கே வளர்ந்தார்கள். டிராகன் போட்ட அந்த மேலங்கி அவளுக்குப் பரிசு கிடையாது. உடைக்கும் படுக்கைக்கும் ஊசிக்கும் ஆன செலவு அவள் கடன்கணக்கிலேயே ஏறும், அழகு கூடக்கூடக் கடனும் கூடும். அங்கே இறந்துபோன, கேட்பாரற்ற பெண்களின் உடல்களை மினோவாவில் உள்ள ஜோகன்ஜி கோயிலில் சேர்த்துவிடுவார்கள். மக்கள் அதை 'எறிந்துவிடும் கோயில்' என்றே சொன்னார்கள். எய்சென் வெளியே நின்று பார்த்தவரில்லை. ஒரு காலத்தில் நெசு பகுதியில் அவரே விலைமாதர் விடுதி ஒன்றை நடத்தியிருக்கிறார். அவர் வரைந்த பெண்களின் முதுகு ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு பதிலாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. இந்த எண்ணம் வந்தபிறகு அந்தக் கோட்டை ரசித்து இழுக்க முடியவில்லை. இழுத்தேன், ஆனால் வேறு மனதோடு.

வான்கோவுக்கு இவ்வளவும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் ஒன்று செய்தார். கணிகையை மஞ்சள் பின்னணியில் நிறுத்தி, சுற்றிலும் அகலமான ஒரு சட்டம் தீட்டினார். மூங்கில், அல்லிக்குளம், கொக்குகள், தவளை. வேறு ஜப்பானியப் படங்களிலிருந்து எடுத்தவை அவை. கொக்கு, தவளை என்ற இரண்டு சொற்களுமே அன்றைய பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் விலைமாதைக் குறித்தன. எடோக்காரர் ஓபியின் முடிச்சைப் பார்த்துப் படித்ததை, பாரிஸ்காரர் கொக்கைப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும் என்று பெயர்த்திருக்கிறார். அழகான அயல்நாட்டுப் பொம்மையாக அவளை விட்டுவிடாமல், யார் அவள் என்று சொல்லிவிட்டார். அதே ஆண்டு இன்னொரு மரஅச்சு ஓவியரான ஹிரோஷிகேயின் பிளம் மரத்தைப் படியெடுத்தபோது அவர் இவ்வளவு கவனமாக இல்லை. சட்டத்தில் நிரப்பிய ஜப்பானிய எழுத்துகள் வேறெங்கிருந்தோ எடுத்தவை, படத்தோடு சம்பந்தமில்லாதவை. எழுத்தைப் பூவேலையாக்கிவிட்டார். என் அட்டையிலும் ஓரத்தில் நாலு ஜப்பானிய எழுத்து இருந்தால் களையாக இருக்கும் என்று முதலில் நினைத்து வைத்திருந்தேன். அந்த லேயரைத் தூக்கிவிட்டேன்.

இப்போது என்னவள். எடோ ஆட்சி முடிந்தபின் வந்த மெய்ஜி காலத்துத் தோக்கியோவின் ஒரு சந்தில் குடியிருக்கும் விதவை, நடுவயது தாண்டியவள். பிறர் வீட்டுக் கிமோனோக்களைத் துவைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். கிமோனோவைத் துவைப்பது நாம் நினைக்கிற துவைப்பு இல்லை. முதலில் தையல் முழுவதையும் பிரிக்க வேண்டும். பிரித்த எட்டுத் துண்டுகளை முனைக்கு முனை ஓட்டுத்தையல் போட்டுச் சேர்த்தால், கடையில் வாங்கியபோது இருந்த அதே நீளச் சுருள் திரும்பி வந்துவிடும். அதைத் துவைத்து, கடல்பாசியில் காய்ச்சிய கஞ்சி போட்டு, இரு முனையிலும் ஊசி வைத்த மெல்லிய மூங்கில் குச்சிகளை அகலத்துக்குக் குறுக்கே வில்லாக வளைத்துக் குத்தி விறைப்பாக நிறுத்திக் காயவைப்பார்கள். காய்ந்தபிறகு மறுபடி கிமோனோவாகத் தைப்பது. வளைவு வெட்டே இல்லாததன் அருமை அப்போதுதான் தெரிகிறது. உடை துணியாகி மறுபடி உடையாகலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

காய்கிற அந்தச் சுருளை அட்டையின் குறுக்கே, மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரத்துக்கு, ஒரே பட்டையாக ஓடவிட்டேன். குச்சிகள் நெருக்கமாக, மீன்முள்போல. அதன் அடியில், மண்டியிட்டுத் தன் குதிகால்மேல் உட்கார்ந்து, கடைசிக் குச்சியைக் குத்துகிறாள். தோளில் ஒரு கயிறு, முதுகில் குறுக்காகப் போய் உடையின் அகலக் கைகளைத் தூக்கிக் கட்டியிருக்கிறது. முழங்கைவரை வெறும் கை. அந்தக் கையை வரைந்ததுபோல வேறெதையும் நான் நிதானமாக வரைந்ததில்லை. கஞ்சியில் ஊறிய விரல்நுனிகள் சுருங்கியிருக்க வேண்டும். மரஅச்சு மரபில் விரல் சுருக்கமெல்லாம் கிடையாது. கட்டைவிரலின் வெளிக்கோட்டில் மட்டும் மூன்று இடங்களில் தூரிகையை ஒரு கணம் நிறுத்தி எடுத்தேன், கோடு அங்கே லேசாகத் தடித்தது. போதும்.

முதுகுக்கு எய்செனின் கோட்டைத்தான் எடுத்துக்கொண்டேன். இத்தனை நாள் தோளில் ஏற்றிய கோடு அது. அது கணிகையின் அலுப்பைச் சுமந்தது, இங்கே துவைக்கிறவளின் அலுப்பைச் சுமக்கிறது. பின்கழுத்தைக் கிட்டத்தட்ட மூடிவிட்டேன். இவள் வயதுக்கும் நிலைக்கும் விரலகலம் போதும்.

ஒரு ஆசை வந்தது. காயும் துணியில் ஓரிடத்தில் மட்டும் மேகத்தின் ஒரு சுருளும் டிராகனின் ஒற்றை நகமும் தெரியும்படி வைத்தேன். அந்தக் கணிகையின் மேலங்கி கைமாறிக் கைமாறி இந்தச் சந்துக்கு வந்து, பிரிந்து காய்வதுபோல. பார்க்க நன்றாக இருந்தது. இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கதையை மறுபடி படித்தேன். அதில் அப்படி எதுவும் இல்லை. சந்துக்காரர்களின் பருத்தியும், கறைபட்ட சாதாப் பட்டும்தான் இவள் கைக்கு வருகின்றன. நகம் நான் கற்றதைக் காட்டிக்கொள்ள வைத்தது. அழித்துவிட்டு, அந்த இடத்தில் பழுப்பும் சாம்பலுமாகக் கோடுபோட்ட துணியை ஓடவிட்டேன்.

வான்கோவும் இப்படி ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்று நினைக்கிறேன். 1888 ஜூலையில், ஆர்ல் நகரத்தில், பியேர் லோத்தி ஜப்பானைப் பற்றி எழுதிய நாவல் ஒன்றைப் படித்த சூட்டில் ஒரு சிறுமியை வரைந்தார். 'மூஸ்மே' என்று ஜப்பானியச் சொல்லால் பெயரிட்டார். சிறுமி அந்த ஊர்க்காரி. கோடுபோட்ட மேல்சட்டை, புள்ளிப் பாவாடை, கையில் அரளிப்பூ. கிமோனோ இல்லை, விசிறி இல்லை, கொக்கு இல்லை. அதை முடிக்க ஒரு வாரம் முழுசாகப் பிடித்தது என்று தம்பிக்கு எழுதினார், படபடவென்று வரைகிறவருக்கு அது நெடுங்காலம். படத்தைப் பார்த்தால் பின்னணி ஒரே தட்டையாக இருக்கிறது. நிழல் இல்லை. கோடும் புள்ளியும்தான் அவளை நாற்காலியில் உட்காரவைக்கின்றன. முந்திய ஆண்டு கட்டம் போட்டுக் கற்றது கண்ணுக்குள் போய்விட்டிருக்கிறது. அந்த நிலைக்கு வர எனக்கு இன்னும் பல கட்டங்கள் பாக்கி.

கடைசி இரண்டு நாள் திருத்தம். கணினியில் வரைகிற எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். நெடுநேரம் ஒரே படத்தைப் பார்த்தால் கண் பழகிக் கோணல் தெரியாது, அதனால் அடிக்கடி படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் பார்ப்போம். திருப்பியதும் ஒரு கண் மேலே ஏறியிருப்பது, தலை சரிந்திருப்பது எல்லாம் பளிச்சென்று தெரியும். சரிசெய்துவிட்டுத் திரும்பவும் நேராக்குவோம். இருபது வருஷமாக யோசிக்காமல் அழுத்துகிற பொத்தான்.

இப்போது அழுத்தும்போதெல்லாம் என் கண் முதலில் அவள் கழுத்துக்குப் போகிறது. திருப்பியதும் வலத்துணி மேலே வந்துவிடுகிறது. அந்தச் சில நொடிகள் அவள் பிணத்துக்குரிய உடையில் குனிந்து மூங்கில் குச்சியைக் குத்திக்கொண்டிருக்கிறாள். தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, தூக்கினேன். இடது முழங்கை ஒரு இம்மி நீளம், குறைத்தேன். அவளை ரொம்ப நேரம் அப்படி விட்டுவைக்க மனசு வரவில்லை, கை தானாக அவசரப்பட்டது. மறுபடி பொத்தானை அழுத்தினேன். இடத்துணி வலத்துணியின்மேல் வந்து படிந்தது. கோப்பைச் சேமித்துத் தோழிக்கு அனுப்பினேன்.

"கைய எங்கேயோ பாத்திருக்கேன் அக்கா" என்று பதில் வந்தது. கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.